உருளாத தூண்டில் தடி

1. கெல்லருக்கு வந்தவர்

றெகுலா முதல்முறை எங்கள் கெல்லருக்கு வந்தபோது, தன் வலது கையை இடது கையால் தூக்கி என் வேலை மேசையில் வைத்தார். பழுதுபார்க்கக் கொண்டுவந்த சாமானைக் காட்டுவதுபோலத்தான் இருந்தது.

"இந்தக் கைக்கு ஒரு தூண்டில் தடி வேணும். பெருவிரல் வேலை செய்யுது. மற்ற விரலுகள் பிடிக்கும், ஆனா இறுக்கிப் பிடிக்காது. மணிக்கட்டு நான் சொல்லுறதைக் கேக்காது. கட்டித் தருவீங்களோ?"

அவர் சுவிஸ் டொச்சில், அதாவது இங்கத்தைய ஜெர்மனில், சொன்னதை நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன். றெகுலா முப்பது வருடத்துக்கு மேல் ஊர் பஸ் ஓட்டியவர். பென்சன் எடுக்கும் தறுவாயில் பக்கவாதம் வந்தது. கால் திரும்பி வந்துவிட்டது, பேச்சும் வந்துவிட்டது. கை மட்டும் பாதியில் நின்றுவிட்டது.

கெல்லர் என்றால் மாடி வீட்டுக்காரருக்கென்று கீழே ஒதுக்கியிருக்கும் நிலக்கீழ் அறை. மற்றவர்கள் அதில் பனிச்சறுக்குக் கட்டைகளும் பழைய சூட்கேசுகளும் அடுக்கியிருப்பார்கள். எங்களுடையதில் ஒரு நீள மேசை, நூல் கட்டைகள், தடியைத் தாங்கி நிற்க இரண்டு கவைகள், எபொக்ஸிப் பசை காயும்வரை தடியை மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன மோட்டர். அவ்வளவுதான் என் பட்டறை.

நான் மீன்பிடிகாரி இல்லை. பாடன் நகரில் ஒரு மோட்டர் கொம்பனியில் காயில் சுற்றும் பகுதியில் வேலை செய்து ஓய்வுபெற்றவள். அகதியாக வந்து டொச் நாக்கில் ஏறாத காலத்திலேயே அந்த வேலை கிடைத்தது. செப்புக் கம்பியை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, இடைவெளி விடாமல், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் சுற்ற வேண்டும். கம்பியின் இழுவை எப்போதும் விரலில் ஒரே அளவாக இருக்க வேண்டும். கொஞ்சம் தளர்ந்தால் சுற்று குலையும், கொஞ்சம் இறுகினால் கம்பி மெலிந்துபோகும். இதற்கு மொழி தேவைப்படவில்லை.

என் கணவர் ஈசனுக்கு லிம்மாத் ஆற்றங்கரையில் தூண்டில் போடுவதுதான் பொழுதுபோக்கு. ஒருநாள் அவருடைய தடியில் ஒரு வளையம் கழன்றுவிட்டது.

"யோகா, இதை ஒருக்காப் பாரும். கடையில குடுத்தா ஒரு மாசம் வைச்சிருப்பாங்கள்" என்றார்.

நரம்பு, அதாவது தூண்டில் இழை, ஓடுவதற்காகத் தடி நெடுக வளையங்கள் இருக்கும். அவற்றை ஒட்டுவதில்லை. வளையத்தின் இரண்டு கால்களையும் தடியோடு வைத்து, மெல்லிய நைலோன் நூலால் சுற்றிக் கட்டி, அதன்மேல் எபொக்ஸி பூசுவார்கள். பார்த்த உடனேயே சிரித்துவிட்டேன். நான் செய்துவந்த அதே வேலை, கம்பிக்குப் பதில் நூல். அன்று கட்டிக் கொடுத்த வளையத்தை ஈசன் ஆற்றங்கரையில் எல்லாருக்கும் காட்ட, ஒவ்வொருவராகத் தடியோடு வந்தார்கள். ஆனால் அதெல்லாம் திருத்த வேலை. வெறும் தடியிலிருந்து தொடங்கி ஒரு ஆளுக்கென்று முழுத் தடி கட்டித் தரச் சொல்லி வந்த முதல் ஆள் றெகுலாதான்.

2. தடி ஏன் உருண்டது

றெகுலாவிடம் ஹல்வில் ஏரியில் ஒரு சின்னத் துடுப்புப் படகு இருந்தது. அங்கே படகுகட்ட இடம் கிடைப்பது லேசான விடயமில்லை. ஒருமுறை விட்டுக்கொடுத்தால் திரும்பக் கிடைக்காது.

"இந்த வருசம் முடியிறதுக்குள்ள என்னால மீன் பிடிக்க ஏலுமோ ஏலாதோ எண்டு தெரியவேணும். ஏலாட்டி இடத்தைத் திருப்பிக் குடுக்கப்போறன். சும்மா கட்டிவைச்சுப் பாத்துக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை" என்றார்.

அவருடைய பழைய தடிகளில் ஒன்றைக் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன். அதில் நரம்பைச் சுற்றிவைக்கும் றீல் தடியின் மேற்பக்கத்தில் உட்காரும் வகை. பெருவிரலால் ஒரு பொத்தானை அமத்தினால் நரம்பு ஓடும். தடியின் அடியில் தொங்கும் மற்ற வகை றீலுக்குச் சுட்டுவிரலால் நரம்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், அது அவரால் முடியாது. ஆகவே றீலை மாற்றும் பேச்சுக்கு இடமில்லை.

நரம்பின் நுனியில் தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கட்டித் தூக்கச் சொன்னேன். தடி வளைந்தது. அதே நேரம் அவருடைய கைக்குள்ளேயே உருண்டு, றீல் கீழ்ப்பக்கம் போய்விட்டது. மணிக்கட்டும் அதோடு சேர்ந்து திரும்பியது. றெகுலா பல்லைக் கடித்துக்கொண்டு போத்தலைக் கீழே விட்டார்.

"இதுதான். ஒவ்வொருமுறையும் இதுதான்" என்றார்.

அவர் போன பிறகு நானே தடியை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து அதே போத்தலைத் தூக்கினேன். என் கையிலும் உருண்டது. அப்போதுதான் விடயம் பிடிபட்டது. வளையங்கள் மேற்பக்கம் இருக்கின்றன, பாரம் கீழே இழுக்கிறது. ஆகவே வளையங்கள் எப்போதும் கீழே வரத்தான் பார்க்கும். நல்ல கை உள்ளவர்கள் தங்களுக்குத் தெரியாமலே அதை இறுக்கிப் பிடித்து நிறுத்திவிடுகிறார்கள். றெகுலாவின் பலமெல்லாம் மீனோடு மல்லுக்கட்டுவதற்கு முன்னமே தடியோடு மல்லுக்கட்டுவதில் போய்க்கொண்டிருந்தது.

வளையங்கள் கீழே போக விரும்பினால் முதலிலேயே கீழே கட்டிவிட வேண்டியதுதான். றீலுக்குப் பக்கத்து வளையம் மேலே, அடுத்தது கொஞ்சம் பக்கவாட்டில், அதற்கடுத்தது இன்னும் கீழே, பிறகு நுனிவரை எல்லாம் அடிப்பக்கம். கொடி சுற்றினதுபோல நரம்பு தடியைச் சுற்றி இறங்கும். இது என் கண்டுபிடிப்பு இல்லை, தடி கட்டுகிறவர்களுக்குத் தெரிந்த முறைதான். ஆனால் நான் அதுவரை கட்டினதில்லை, பாடன் பக்கத்தில் யாரும் கட்டி நான் கண்டதுமில்லை.

3. வெட்டி எறிந்த நூல்

வளையத்தின் கால்களை அரத்தால் தேய்த்து நுனியைக் கத்திபோல மெல்லியதாக்கினேன். அப்போதுதான் நூல் தடியிலிருந்து கால்மேல் படியில்லாமல் ஏறும். றெகுலா கேட்டபடி கரும்பச்சை நூல். சுற்றி முடியும் தறுவாயில் ஒரு நூல் கண்ணியைச் சுற்றுக்குள் வைத்துச் சுற்றி, கடைசி நுனியை அந்தக் கண்ணியில் கோத்து உள்ளே இழுத்துவிடுவோம். முடிச்சே இருக்காது. ஈசன் தன் பங்குக்கு, கைப்பிடியை நீளமாக்கி முழங்கைக்குக் கீழே படுக்கும்படி கோர்க் தக்கை வைத்து, முன்னங்கையோடு சேர்த்துக் கட்ட ஒட்டிக்கொள்ளும் வெல்குறோ பட்டியும் போட்டார்.

ஊர்ஸ் வந்தது அப்போதுதான். அவர் ஏரி மீன்பிடிச் சங்கத்தின் தலைவர். திருத்தத் தந்திருந்த தன் தடியை எடுத்துப் போக வந்தவர் கவையில் கிடந்ததைப் பார்த்து நின்றுவிட்டார்.

"யோகா, என்ன இது? வளையமெல்லாம் சரிஞ்சு கிடக்கு."

"அப்பிடித்தான் கட்டினனான். றெகுலாவுக்கு."

அவர் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"அவவுக்கு வீணா ஆசை காட்டாதேங்கோ. போன வருசம் ஒரு பெரிய மீன் அவவின்ர தடியையே பறிச்சு இழுத்துக்கொண்டு போச்சு. அவ படகில இருந்து அழுததை நான் பாத்தனான். இன்னொருக்கா அப்பிடி நடந்தா அவ ஏரிப்பக்கமே வரமாட்டா."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அவர் போனதும் தடியைக் கவையில் உருட்டி ஒவ்வொரு சுற்றையும் திரும்பப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து றெகுலா வந்து, எபொக்ஸி பூசாத தடியைக் கையில் கட்டிக்கொண்டு போத்தலைத் தூக்கினார். உருளவில்லை. அவருடைய முகம் மலர்ந்தது. நான் போத்தலைக் கழற்றி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிய சின்ன வாளியைக் கட்டினேன்.

"இன்னும் தூக்குங்கோ. நல்லா வளையட்டும்."

தடி வில்லாக வளைந்தது. இரண்டாவது வளையத்துக்கும் மூன்றாவதற்கும் இடையில் நரம்பு தடியின் உடம்பில் உரசிக்கொண்டு நின்றது. பெரிய மீன் ஓடினால் நரம்பு அந்த இடத்தில் தேய்ந்து அறுந்துவிடும்.

"கொஞ்சம்தானே உரசுது, பரவாயில்லை. எனக்கு இதுவே காணும்" என்றார் றெகுலா.

"எனக்குக் காணாது" என்று சொல்லி, சவரத்தகட்டை எடுத்து அந்த இரண்டு வளையத்தின் நூலையும் அவருக்கு முன்னாலேயே வெட்டினேன். பச்சை நூல் சுருள் சுருளாகத் தரையில் விழுந்தது. றெகுலா மேலங்கியைக் கழற்றிக் கொளுவிவிட்டு, "அப்ப நான் இருந்து வாளியைத் தூக்கிறன். நீங்கள் இடம் பாருங்கோ" என்றார்.

அன்று பின்னேரம் முழுக்க அதுதான் வேலை. அவர் தூக்குவார், நான் வளையங்களை ஒட்டுநாடாவால் ஒட்டி ஒரு விரல் அகலம் முன்னே, அரை விரல் பின்னே என்று நகர்த்துவேன். கடைசியில் இடையில் ஒரு குட்டி வளையத்தைக் கூடுதலாக வைத்தபோது நரம்பு எங்கேயும் படாமல் சுற்றி இறங்கியது. வாளியை றெகுலா கொஞ்ச நேரம் இறக்கவே இல்லை. தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். அது நேராக நின்றது.

4. ஏரியில்

திரும்பச் சுற்றி எபொக்ஸி பூசிய தடி காய்ந்து கிடைத்த முதல் சனிக்கிழமை மூவரும் ஏரிக்குப் போனோம். ஈசன் துடுப்புப் போட்டார், றெகுலா முன்னுக்கு, நான் பின்னுக்கு மிதவைச் சட்டைக்குள் பொதிபோல. இலைகள் மஞ்சளாகிவிட்ட காலம். தண்ணீருக்கு மேலே பனிப்புகார் கிடந்தது, கரையில் ஊர்ஸும் இன்னும் சிலரும் நின்றார்கள்.

வெகுநேரம் ஒன்றும் கொத்தவில்லை. றெகுலா எறிந்து, இழுத்து, திரும்ப எறிந்துகொண்டிருந்தார். ஈசன் கோப்பி ஊற்றித் தந்த நேரத்தில்தான் தடி சடாரென்று வளைந்தது.

"பிடிச்சிட்டுது" என்றார் றெகுலா, மிகச் சாதாரணமாக.

பிறகு றீல் கத்தத் தொடங்கியது. மீன் படகுக்கு அடியால் ஓடியது. நான் தடியைப் பார்க்கவில்லை, அவருடைய மணிக்கட்டைத்தான் பார்த்தேன். மீன் இடப்பக்கம் ஓடியது, வலப்பக்கம் ஓடியது, ஆழத்தில் போய்க் கல்லாக நின்றது. றீல் நிமிர்ந்தபடியே இருந்தது. தடி ஒரு துளிகூட உருளவில்லை. றெகுலா இடது கையால் சுற்றிக்கொண்டு, வாய்க்குள் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டேன், பஸ்ஸை மலைப்பாதையில் திருப்பும்போது சொல்லுகிற வார்த்தைகளாம்.

"துடுப்பை விடுங்கோ, வலையை எடுங்கோ" என்று ஈசனைப் பார்த்துக் கத்தினேன்.

அவர் வலையைத் தண்ணீருக்குள் இறக்கித் தூக்கியபோது படகு சரிந்தது. ஹெக்ட் என்னும் வேட்டைமீன், என் கால் நீளத்துக்குக் கிட்ட இருக்கும். பச்சை முதுகும் மஞ்சள் புள்ளியும் பல்லுமாகப் படகின் அடித்தட்டில் அடித்துக்கொண்டு கிடந்தது. பிடித்த மீனைத் துடிக்க விடாமல் உடனே கொல்ல வேண்டும் என்பது இங்கே சட்டம், அதை றெகுலா தன் கையாலேயே செய்து முடித்தார். யாரையும் உதவிக்கு விடவில்லை. பிறகு இருந்த இடத்திலேயே இருந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஈசன்தான் கண்ணைத் துடைத்தார், கோப்பி ஆவி பட்டதாம்.

கரைக்கு வந்ததும் ஊர்ஸ் கயிற்றை வாங்கிக் கட்டினார். மீனைப் பார்த்தார். அதைவிட அதிக நேரம் தடியைப் பார்த்தார்.

"உருளேல்லையோ?"

"ஒரு துளிகூட இல்லை" என்றார் றெகுலா. "படகு இடத்துக்கு ஆராவது காத்துக்கொண்டிருந்தா, இன்னும் கனகாலம் காத்திருக்கச் சொல்லுங்கோ."

ஊர்ஸ் தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "யோகா, நான் சொன்னது பிழை. எனக்கும் இப்ப மணிக்கட்டு நோகுது. அடுத்தமுறை எனக்கு ஒண்டு இப்பிடிக் கட்டுவீங்களோ?" என்று கேட்டார். மற்றவர்கள் தடியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். ஒருவர் பச்சைச் சுற்றின்மேல் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார்.

மீனில் பாதி எங்கள் வீட்டுக்கு வந்தது. முள்ளென்றால் அப்படி ஒரு முள். ஆனாலும் ஈசன் மிளகாய்த்தூள் போட்டுப் பொரித்த பொரியலை றெகுலா கண்ணில் தண்ணீர் வர வரச் சாப்பிட்டு முடித்தார்.

5. அதற்குப் பிறகு

இப்போது எனக்கு வருவதில் அதிகம் முழுத்தடி வேலைதான். மூட்டுவாதம் வந்தவர்கள், விரல் இழந்த தச்சர் ஒருவர், உயரம் குறைந்த ஒரு பெண். சென்ற மாதம் ஜெனீவாவிலிருந்து ஒருவர் கேட்டார். அவருக்குப் பிரெஞ்சு மட்டும், எனக்கு அது தெரியாது. தோள் எதுவரை உயரும் என்று ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லி பிரெஞ்சு தெரிந்த என் மகள் அவருக்கு எழுதினாள். அந்த வீடியோவைப் பார்த்தே கைப்பிடிக்கு அளவு எடுத்தேன். தடி சரியாக வந்தது. அவர் பதிலுக்கு அனுப்பிய படத்தில் ஒரு பெரிய மீனும், அதைவிடப் பெரிய சிரிப்பும் இருந்தன.

இந்த வேலையைப் பழக விரும்பும் இளம் ஆட்கள் என்னிடம் எந்த நூல் நல்லது, எந்த எபொக்ஸி நல்லது என்று கேட்கிறார்கள். அதெல்லாம் செய்யச் செய்யத் தெரிந்துவிடும். நான் சொல்லக்கூடியது வேறு. ஒருவர் வந்து "எனக்கு ஏலாது" என்றால், அந்தச் சொல்லோடு நின்றுவிடாதீர்கள். தடியைக் கையில் கொடுத்து, பாரம் போட்டு, சரியாக எந்த இடத்தில் ஏலாமல் போகிறது என்று பாருங்கள். பல நேரம் பிழை தடியில் இருக்கும். எபொக்ஸி பூசுவதற்கு முன்பு, மீன் இழுக்கக்கூடியதைவிட அதிகமாக நீங்களே இழுத்துப் பாருங்கள். பிழை கண்டால் வாடிக்கையாளர் "பரவாயில்லை" என்று சொன்னாலும் வெட்டுங்கள். நூல் மலிவு, திரும்பச் சுற்றலாம். அப்படிக் கட்டிக் கொடுத்த தடி ஏரிக்குப் போகிற நாளில், நீங்களும் தலைநிமிர்ந்து படகில் ஏறலாம்.