உப்பளத்து ஏத்தம்

எங்கள் மாமா தோணித் தண்டல், கப்பலுக்குக் கேப்டன் மாதிரி. கொழும்புக்குச் சரக்கேற்றிப் போகும் தோணிக்கு அவர் வைத்ததுதான் சட்டம். வீட்டிலும் அப்படியே. அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். அவர் சரி என்றால்தான் சித்தியின் கல்யாணம் நடக்கும். வந்த மாப்பிள்ளையோ ரயில்பாதையின் ஏற்ற இறக்கத்தை அளக்கிறவர். தண்ணீர் மாதிரி மட்டமாகக் கிடக்கிற ஊரில் இவன் எதை அளக்கிறான் என்று மாமாவுக்கு இளக்காரம்.

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். உப்பளத்துப் பக்கம் பாதை நூற்றுக்கு ஒன்று ஏத்தம் என்றார். நூறு அடி போனால் ஓரடி உயருமாம். எங்கள் தெருவில் ஏத்தம் என்றால் கடல் ஏறுவது ஒன்றுதான். மாமா மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்: "எத்தன மணிக்கு வத்தும்?"

"இது வத்தாது அண்ணாச்சி," என்றார் அவர் பாவமாக.

அடுக்களையில் சித்தி சிரித்த சிரிப்பில் காப்பித் தம்ளர் உருண்டது. மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஏத்தத்தை நிரூபித்துக் காட்டினால் பெண், இல்லாவிட்டால் நடையைக் கட்டலாம் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு உப்பளத்துக்குப் போனோம். என்னைப் பார்த்துக்கொள்ள என்று சித்தியும் ஒட்டிக்கொண்டாள். ஏழு வயது வரை என்னை யாரும் அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டதில்லை. தண்டவாளத்தில் நின்ற தள்ளுவண்டியில் மாமாவும் சித்தியும் நானும் ஏறி உட்கார்ந்தோம். பிரேக்கை எடுத்தால் வண்டி தானாகவே சரிவில் இறங்கும், யாரும் தள்ள வேண்டாம் என்றார் கீழே நின்ற மாப்பிள்ளை. எடுத்தார். வண்டி அசையவில்லை. உப்புக்காற்றில் சக்கரம் இறுகிப்போயிருந்ததோ என்னவோ, ஆணி அடித்த மாதிரி நின்றது. அவர் முகம் செத்துப்போயிற்று. எனக்கே அழுகை வந்தது.

அப்போது பார்த்தேன். ஓரத்தில் இருந்த சித்தி, சேலைக்கடியிலிருந்து காலை நீட்டிச் சரளைக்கல்லில் ஓர் உந்து உந்தினாள். வண்டி முனகியது, நகர்ந்தது, அப்புறம் பிடித்ததே ஓட்டம்! உப்புக் குவியல்கள் பின்னால் பறந்தன. மாப்பிள்ளை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தார். நானும் சித்தியும் கத்திய கத்தலில் உப்பளத்து ஆட்களெல்லாம் வேலையை விட்டு வேடிக்கை பார்த்தார்கள். பாதை மட்டமான இடத்தில் வண்டி தானாகவே நின்றது.

மாமா இறங்கி வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"ஏத்தம் இருக்கத்தான் செய்யுது, மாப்ள."

மாப்ள! சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் உந்தியதைச் சொல்லிவிட என் நாக்கு துடித்தது. தொடையில் விழுந்த கிள்ளலில் அடங்கியது. மாமாவை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஏமாற்றிவிட்டோம் என்று எனக்கு ஒரே கும்மாளம். நடுக்கடலில் காற்று திரும்புவதைக் கன்னத்திலேயே அறிகிற மனுஷர், ஒரு முழம் தள்ளி நீண்ட தங்கையின் காலைப் பார்க்காமலா இருந்திருப்பார் என்று கேட்டுக்கொள்ள அப்போது எனக்கு வயது போதவில்லை.