வேனில் எனக்கு இடம் வேண்டாம்

கூடத்தில் ‘டக்... டக்...’ என்று சத்தம் கேட்டதுமே அவளுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. அடியில் தகடு வைத்த சைக்கிள் ஷூவோடு அந்த வீட்டுக்குள் நடந்து வரக்கூடியவன் ஒருவன்தான். மலைச் சைக்கிள் பயணக் குழுவின் கேப்டன்.

அவள் மிதிப்பதை நிறுத்தவில்லை. படுக்கையறையில் பயிற்சி ஸ்டாண்டில் மாட்டியிருந்த சைக்கிள் கிர்ரென்று உறுமியது. மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நின்றே படுக்கை விரிப்புகளைத் தேய்த்து காலத்தைக் கழித்தவள் அவள். குழுவில் அவள் பெயர் ‘இஸ்திரி அக்கா’. போன வருஷம் அதே ஆஸ்பத்திரியில், தான் தேய்த்த விரிப்பின் மேலேயே படுத்து, இதயத்தில் ஆபரேஷன் செய்துகொண்டு எழுந்து வந்தாள். முதலில் நடக்கச் சொன்ன டாக்டர், பிறகு சைக்கிளுக்கும் சம்மதித்தார். “மலை ஏறலாமா?” என்று கேட்டதற்கு, சோதனையெல்லாம் செய்துவிட்டு, “தாராளமா ஏறுங்கம்மா” என்றார். அந்த ஒரு வார்த்தையில் உயிரைக் கட்டிக்கொண்டு அவள் குழுவில் சேர்ந்தாள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை ஏற்றத்தில் மானம் போயிற்று. மற்றவர்கள் உச்சியில் குளிரில் நடுங்கிக் காத்துக் கிடந்த பிறகே அவள் போய்ச் சேர்ந்தாள்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க.” கேப்டன் அறை வாசலில் நெளிந்தான். “எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டோம். பயணத்துக்கு நீங்க பின்னால வர்ற சாமான் வேன்ல வாங்க. சாப்பாடு, தண்ணி பாத்துக்க ஒரு ஆள் வேணும்.”

“அதாவது, என்னைச் சமையலுக்குக் கூட்டிட்டுப் போறீங்க.”

“ஐயோ, அப்படி இல்லக்கா...”

“வேற எப்படி?”

“நல்லதாப் போச்சு விடு. சொகுசா போயிட்டு வா,” என்றார் பின்னால் நின்ற கணவர். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதிதான் அவளைச் சுட்டது.

சைக்கிள் குழுவுடையது. காத்திருக்கும் வேறொருவருக்குப் போக வேண்டும். அவள் இறங்கினாள். கேப்டன் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து கழற்றி உருட்டினான், சட்டென்று நின்றான். பின்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தை ஒரு சுழற்று சுழற்றினான். அது பாதியிலேயே நின்றுபோனது.

“என்னக்கா இது! பிரேக் கட்டை சக்கரத்தைக் கவ்விப் புடிச்சிருக்கு. இதோடவா அன்னிக்கு ஏறினீங்க? சனிக்கிழமை நான் பாத்தப்ப சரியா இருந்துச்சே!”

அவள் திகைத்தாள். மலை ஏற்றம் என்றால் இப்படித்தான் கல்லைக் கட்டி இழுப்பதுபோல் இருக்கும் என்றல்லவா நினைத்திருந்தாள்!

கணவர் சுவரைப் பார்த்தார்.

“நான்தான் திருகி விட்டேன்.” என்றார். “முடியலன்னா நீயே விட்டுடுவேன்னு நினைச்சேன். ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல உன் மூக்குக்கண்ணாடியைக் கையில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேனே... இன்னொரு தடவை என்னால ஆகாதும்மா.”

வேறொரு நாளாயிருந்தால் அவள் உருகியிருப்பாள். கண் கலங்கத்தான் செய்தது. துடைத்துக்கொண்டாள்.

“பயப்படுங்க, வேண்டாங்கல. அதுக்கு என் சக்கரத்தைப் புடிப்பீங்களா? முட்டி வலிக்குதுன்னு நான் அழுதப்ப தைலம் தேய்ச்சு விட்டீங்களே, அப்பவாவது வாயைத் திறந்தீங்களா?”



“அக்கா, நீங்க சைக்கிள்லயே வாங்க,” என்றான் கேப்டன் அவசரமாக. “நான் எல்லார்கிட்டயும் எடுத்துச் சொல்றேன்.”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். நாளைக்குக் காலையில அதே ஏற்றத்துக்கு எல்லாரையும் வரச் சொல்லுங்க. நாளைக்கும் நீங்க குளிர்ல காத்துக் கிடந்தா, நானே சைக்கிளைக் கொண்டுவந்து தரேன். பரிதாபப்பட்டு ஒருத்தரும் எனக்கு இடம் தர வேண்டாம்.”

கேப்டனின் பையிலிருந்த திருகுசாவியை வாங்கிக் கணவரிடம் நீட்டினாள். அவர் மண்டியிட்டு பிரேக்கைத் தளர்த்தினார். அவள் சக்கரத்தைச் சுண்டினாள். அது சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

“அப்போ வேனுக்கு ஆள்?” என்று தலையைச் சொறிந்தான் கேப்டன்.

“அதான் இவர் இருக்காரே. வெங்காயம் நல்லா நறுக்குவார். கண்ணுல தண்ணிக்கும் பஞ்சமில்ல.”

குபீரென்று சிரித்த கேப்டன், கணவரின் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டான். “காலையில பாப்போம்க்கா,” என்றவன், வெறுங்கையோடு படியிறங்கினான்.

“பாவம், அந்தத் தம்பிக்கு ஒரு காபிகூடக் குடுக்கலையே...” என்றார் கணவர் மெல்ல.

“நாளைக்கு மலை உச்சியில நானே ஊத்திக் குடுக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு, அவள் கதவைச் சாத்தினாள்.