அத்தர் பூசிய சீட்

பாலமுனையில் அந்தப் பழைய மோட்டார் சைக்கிளைப் பார்க்கப் போனபோது சீட்டில் அத்தர் மணத்தது. "ஜும்ஆத் தொழுகைக்கு மட்டுந்தான் ஓடின வண்டி தம்பி" என்றார் விற்றவர். நம்பி வாங்கிவிட்டேன்.

கல்முனைக்குத் திரும்பும் வழியில் வெயிலேறி சீட் சூடானது. தையல் ஓட்டைகளால் கறுத்த தண்ணீர் கசிந்து என் வெள்ளைச் சாரனை நனைத்தது. மீன் தண்ணீர்! மனுசன் பின்னால் பெட்டி கட்டி ஊரூராக மீன் விற்றிருக்கிறார்.

"சீச்சீ, எந்தச் சாக்கடைக் கானுக்குள்ள போய் விழுந்தீங்க? உள்ள வராதீங்க!" என்று மனைவி வாசலிலேயே மூக்கைப் பொத்தினாள்.

சீட்டைக் கிழித்தால் உள்ளே பஞ்சு அழுகிக் கிடந்தது. செயின் கவருக்குள் செதில்கள் பசைபோல அப்பியிருந்தன. குமட்டக் குமட்டச் சுரண்டினேன். புதுப் பஞ்சு வைத்து, தேசிக்காய்ச் சாறு போட்டுத் தேய்த்தும் நாற்றம் போகவில்லை. ஒருநாள் வண்டியைச் சாய்த்தபோது பின் கெரியரின் குழாய்க்குள்ளிருந்து அதே தண்ணீர் சொட்டியது. கெரியரையே அறுத்து எறிந்தேன்.

அதன்பிறகு வண்டி எவ்வளவு இலேசாகிவிட்டது! கடற்கரை வீதியில் அது பறக்கும்போது, வாங்கியது நல்லதுதான் என்றுகூடத் தோன்றுகிறது. வண்டியில் இப்போது ஒரு நாற்றமும் இல்லை.

ஆனால் அத்தர் மணத்தாலே எனக்குக் குமட்டுகிறது. ஜும்ஆவில் பக்கத்தில் யாராவது மணக்க மணக்க வந்து உட்கார்ந்தால், இந்த மனுசன் எதை மறைக்கிறாரோ என்று என் மூக்கு துழாவத் தொடங்கிவிடுகிறது.