நீலம் போட்ட சுவரும் நாலாம் நம்பர் வெளிச்சமும்

ஜாவீதுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. தர்மபுரி கடைவீதியில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்துப் பதினாறு வருடமாகிறது. அந்தக் கடை நாற்காலியில் அவர் தொடர்ந்து பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தவர் யாருமில்லை. ஒரு திருகாணியைக் கழற்றுவார், எழுந்து வாசல்வரை போவார், தெருவைப் பார்ப்பார், வந்து அடுத்த திருகாணியில் கை வைப்பார். ஆனால் கண் மட்டும் கெட்டி. போர்டில் மயிரிழை அளவு கீறல் இருந்தாலும் நின்றபடியே சொல்லிவிடுவார்.

இந்த மனிதருக்கு டார்ச் லைட் பைத்தியம் பிடித்த கதை சின்னது. ஆறு வருடத்துக்கு முன் கரண்ட் இல்லாத ஒரு மதியம், கடையிலிருந்த மலிவு டார்ச்சை அடித்துக்கொண்டு வேலை பார்த்தார். அந்த வெளிச்சத்தில் சிவப்பு ஒயரும் பழுப்பு ஒயரும் ஒன்றாகத் தெரிந்தன. மாற்றிப் பற்றவைத்தார். ஒரு காலேஜ் பெண்ணின் போன் கருகிப்போனது, அதிலிருந்த அவள் அப்பாவின் கடைசிப் படங்களோடு. அவள் திட்டியிருந்தால் தேவலை. அழுதுவிட்டுப் போனாள். அன்றைக்குத் தொடங்கியது, உள்ள நிறத்தை உள்ளபடி காட்டும் வெளிச்சம் எங்கே கிடைக்கும் என்ற தேடல்.

தேடினால் தன்னைப் போலக் கிறுக்குகள் ஊர் ஊராக இருப்பது தெரிந்தது. அப்படி அறுபது பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்திருந்தார்கள். கடையில் விற்கிற எந்த டார்ச்சும் அவர்களுக்கு ஆகாது. ஒன்று பச்சையடிக்கிறது என்பார்கள், மற்றது பிணவறை மாதிரி வெளுப்பு என்பார்கள். கடைசியில் தாங்களே ஒரு டார்ச்சை வடிவமைப்பது என்று முடிவானது. ஓசூரில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் குப்புராஜ் அலுமினிய உடம்பைக் கடைந்து தருவார். முகப்பில் உட்காரும் எமிட்டரை, அதாவது வெளிச்சம் தரும் அந்த மிளகளவு சில்லை, ஜாவீத் தேர்ந்தெடுக்க வேண்டும். “பாய் கண்ணு சொன்னா சரிங்க” என்று அறுபது பேரும் எழுதினார்கள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு குப்புராஜ் எமிட்டருக்கு ஆர்டர் போடுவார். போட்டுவிட்டால் மாற்ற முடியாது.

மாதிரிக்கு ஒன்பது வகை எமிட்டர்கள், வகைக்கு இரண்டாக வந்தன. வகைக்கு ஒன்றை ஒன்பது டார்ச்சில் பொருத்தி நம்பர் ஒட்டினார் ஜாவீத். அதோடு வீட்டில் நிம்மதி போனது. கடைக்குப் பின்னாலேயே வீடு. தக்காளிமேல் அடித்துப் பார்த்தார், பிரியாணித் தட்டின்மேல் அடித்துப் பார்த்தார், தூங்குகிற மாமியார் முகத்தில் அடித்து வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் இறுதித் தீர்ப்பு ஜன்னல் இல்லாத பின்னறையின் வெள்ளைச் சுவருக்குத்தான். கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாக அந்தச் சுவரில் அடிப்பார். ஏழாம் நம்பர் லேசாக நீலம் பாய்ந்து தெரிந்தது. நாலாம் நம்பர் சுத்த வெள்ளை.

“நாலுதான்” என்றார்.

அவர் மனைவி நஜ்மா எட்டிப் பார்த்தாள். “ஏங்க, என் துப்பட்டா மேல அடிச்சீங்களே, மஞ்சத்தண்ணில நனைச்ச மாதிரி இருந்துது.”

“உனக்கு என்னா தெரியும். சுவரு பொய் சொல்லுமா?”

சொல்லிவிட்டாரே தவிர மனம் அடங்கவில்லை. நாலா, ஏழா என்று எழுந்தும் நடந்தும் மூன்று நாள் போயிற்று. கருகிய போனும் அந்தப் பெண்ணின் முகமும் நடுநடுவே வந்து நின்றன. இந்தத் தடவையும் தவறினால் அறுபது பேர் கையில் தப்பான வெளிச்சம் இருக்கும் என்ற பயம் அவருக்கு.

புதன்கிழமை அருள்ராணி வந்தாள். அதியமான்கோட்டையில் மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழு ஷெட்டும் வைத்திருப்பவள். உடைந்த போனைக் கொடுத்துவிட்டு மேசைமேல் இருந்த டார்ச்சுகளைப் பார்த்தாள்.

“பாய், எங்க ஷெட்டுல மூலையெல்லாம் இருட்டுங்க. புழு பழுத்துச்சா இல்லியான்னே தெரியல. ஒண்ணு குடுங்களேன்.”

தின்று முடித்த புழு இலையை விட்டுத் தலையைத் தூக்கும், உடம்பு மஞ்சள் ஓடிக் கண்ணாடி மாதிரி ஆகும். அதைத்தான் பழுப்பது என்பார்கள். அப்போது பொறுக்கிச் சந்திரிகைத் தட்டில் ஏற்ற வேண்டும், அது கூடு கட்டும். நிறம் பார்ப்பதே பிழைப்பாக இருக்கிற ஒருத்தி. இதைவிடப் பரீட்சை வேறு உண்டா என்று ஜாவீத் நாலாம் நம்பரை நீட்டினார். “இதுல தெரியறதுதான் நெஜம்க்கா. தைரியமா நம்புங்க.”

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் அருள்ராணி தன் பக்கத்து வீட்டு ராஜாவின் போனிலிருந்து பேசினாள். “புழு எதிர்பாத்ததுக்கு ரெண்டு நாள் முந்தியே பழுத்துடுச்சுங்க பாய். உங்க லைட்டு இல்லன்னா கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன். இப்ப ஏத்திகிட்டிருக்கறேன்.”

ஜாவீதுக்குத் தலைகால் புரியவில்லை. குழுவில் பெருமையாக எழுதினார்: பட்டுக்காரரே சான்று சொல்லிவிட்டார், நாலாம் நம்பர். கடைசியாக ஒருதரம் பார்க்கலாமென்று நாலாம் நம்பர் சில்லு இன்னொன்றைப் பொருத்திய டார்ச்சோடு பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஜும்மா தொழுகைக்குப் போட நஜ்மா துவைத்த வெள்ளை ஜிப்பா ஆணியில் தொங்கியது. டார்ச்சை அடித்தார். சுவர் வெள்ளை. ஜிப்பா மஞ்சள்.

“நஜ்மா, ஜிப்பாவ சரியா அலசலியா?”

“நல்லாத்தான் அலசுனேன். நீலம் போடல, அவ்ளோதான். தீந்து போச்சு, வாங்கியாங்கன்னு ரெண்டு வாரமா சொல்றேன். நோன்பு வருதேன்னு இந்த ரூமுக்குச் சுண்ணாம்பு அடிச்சப்ப இருந்த டப்பாவ மொத்தமா அதுல கலந்துட்டேன். நீலம் போடாம யாராச்சும் சுவத்துக்கு அடிப்பாங்களா?”

ஜாவீத் சுவரைப் பார்த்தார். பிறகு ஜிப்பாவை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் விரித்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. நீலம் பாய்ந்தது ஏழாம் நம்பரில் இல்லை, சுவரில். மஞ்சள் வெளிச்சத்தின் மஞ்சளை நீலச் சுவர் விழுங்கி அவருக்கு வெள்ளையாகக் காட்டியிருக்கிறது. தினமும் பார்க்கிற சுவரில் அவர் கண் இதைக் கோட்டை விட்டிருக்கிறது. அடுத்த நொடி அருள்ராணி நினைவு வந்தது. நாலாம் நம்பரில் பார்த்தால் பழுக்காத புழுவும் பழுத்த மாதிரிதான் தெரியும்.

அவள் போன் இவர் மேசையில் நாலு துண்டாகக் கிடந்தது. ராஜாவின் போனுக்கு அடித்தார், எடுக்கவில்லை. ஏழாம் நம்பரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே சந்து பார்த்துப் பறந்தார். வாய் மட்டும் ‘ஏத்தியிருக்கக் கூடாது, ஏத்தியிருக்கக் கூடாது’ என்று சொல்லிக்கொண்டே வந்தது.

ஏற்றியிருந்தாள். இரண்டு சந்திரிகை நிறையப் புழுக்கள், கூடு கட்டாமல் இலை தேடி ஊர்ந்துகொண்டிருந்தன. சில தரையில் விழுந்து நெளிந்தன. மூன்றாவது தட்டைக் கையில் எடுத்திருந்தாள் அருள்ராணி.

“நிறுத்துங்கக்கா. தப்பு என்மேல. அந்த லைட்டு மஞ்ச. நானுதான் வெள்ளைன்னு நெனச்சேன்.”

ஏழாம் நம்பரை அடித்தார். அவள் குனிந்து பார்த்தாள். புழுக்கள் பால் வெளுப்பாக இருந்தன. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

“இன்னும் ரெண்டு நாள் திங்க வேண்டிய புழு,” என்றாள். “அப்படியே வுட்டா பட்டினில கூடு பொக்கையாப் போயிடும். வாங்க, பொறுக்குங்க.”

பொறுக்கினார்கள். நசுங்காமல் இரண்டு விரலால் ஒவ்வொன்றாக எடுத்து இலைமேல் விட வேண்டும். அவசரப்பட்டால் செத்துவிடும். ஜாவீத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். குழுவில் மெசேஜ்கள் வந்து விழும் சத்தம் சட்டைப்பையில் கேட்டபடி இருந்தது. பதினொன்று ஐம்பதுக்குப் போனை எடுத்தார். குப்புராஜ் ஆர்டர் போடப் பத்தே நிமிடம். ‘ஏழாம் நம்பர் போடுங்க’ என்று மட்டும் எழுதினால் போதும். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். பாய் கண்ணு சொன்னால் சரி.

“என்னாங்க பாய், யோசிக்கிறீங்க?”

“அறுபது பேரு என் கண்ண நம்பி உக்காந்திருக்காங்கக்கா. சுவத்த பாத்து ஏமாந்தேன்னு எப்படிச் சொல்றது.”

அருள்ராணி தலை நிமிராமல் ஒரு புழுவை இலையில் விட்டாள். “அறுபத்தொண்ணுங்க. நானுந்தான் நம்புனேன். எங்கிட்ட சொல்லிட்டீங்க இல்ல.”

ஜாவீத் எழுதினார். நீலம் போட்ட சுவரை, மஞ்சளான ஜிப்பாவை, இரண்டு தட்டுப் புழுவை, ஒன்றையும் விடாமல் எழுதி, கடைசியில் ‘ஏழு’ என்று போட்டு அனுப்பினார். பதில் வருகிறதா என்று பார்க்கவில்லை. போனைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த புழுவை எடுத்தார். இரண்டு தட்டும் காலியாக ஒன்றரை மணி நேரமானது. அதுவரை அவர் எழுந்திருக்கவே இல்லை.