பாய்லருக்கு மேலே ஒரு பித்தளைப் பலகை

சங்க மண்டபத்தில் டீ விற்கும் பாய்லர் அக்காவுக்கு ஊரில் எதிரி என்று ஒருத்தர் கிடையாது, அந்தப் பித்தளைப் பலகை வந்து சேரும்வரை.

மண்டபத்தின் இடதுபக்கச் சுவரோரம், ஜன்னலுக்கும் தூணுக்கும் நடுவில் அவளுடைய ராஜ்ஜியம். ஒரு நீள மேசை, அதன்மேல் பாய்லர், கவிழ்த்து வைத்த தம்ளர்கள், மூடி இறுகிப்போன பிஸ்கட் டப்பா. கல்யாணமாகி இந்தத் தேசத்துக்கு வந்தபோது இங்குள்ள பாஷையில் 'ஆமாம்', 'இல்லை', 'சூடு' என்பதைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியாது. அந்த மூன்று சொல்லை வைத்தே கடையைத் தொடங்கிவிட்டாள். இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்ததும் அந்த மேசையிலிருந்துதான். பொதுக்குழுவில் இரண்டு கோஷ்டியும் நாற்காலியைத் தூக்கினாலும், இடைவேளையில் அவள் முன்னால் வரிசையாக நின்று ஊதி ஊதிக் குடிப்பார்கள்.

அவள் புருஷனுக்கு ஊர் வைத்த பெயர் மைக்கண்ணன். மண்டபத்து மைக், லைட், ஃபேன் எல்லாம் அவர் பொறுப்பு. ஊருக்கெல்லாம் மைக் பிடித்துக் கொடுக்கும் மனுஷன், வீட்டில் வாயைத் திறப்பது சாப்பிட மட்டும்தான்.

பல வருஷங்களுக்கு முன்னால், அவள் கடை போடுவதற்கும் முன்னால், தாய்நாட்டிலிருந்து ஒரு பெரிய தலைவர் இதே மண்டபத்துக்கு வந்து பேசினார். வரலாற்றுச் சிறப்புமிக்க உரை. என்ன பேசினார் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆனால் மேடையைவிட்டு இறங்கி வந்து ஜனங்களோடு நின்று பேசினார் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடே கிடையாது. அதைச் சொல்லும்போது சில பெரியவர்களுக்குக் கண் கலங்கிவிடும். அந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை வைப்பதென்று புதிய செயலாளர் முடிவெடுத்தார்.

"இடம் எதுன்னு மட்டும் காட்டுங்க" என்று அன்றைக்குக் கூட்டத்தில் இருந்த இரண்டு பெரியவர்களை அழைத்து வந்தார்.

"ஜன்னல் பக்கம். வெளிச்சம் அவர் மூஞ்சியில விழுந்துச்சு" என்றார் ஒருவர்.

"கிழிஞ்சது. கதவுப் பக்கம்யா! என் தோளைத் தட்டிக் குடுத்துட்டுப் போனாரு."

"உன் தோளையா? நீ பின்வரிசையில தூங்கிட்டு இருந்தே."

பாய்லர் அக்கா இருவருக்கும் ஆளுக்கொரு டீ கொடுத்தாள். காசு வாங்கவில்லை. சண்டை நன்றாக நீளட்டும், தன் மேசைப் பக்கம் மட்டும் வராமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டாள்.

அப்போது ஏணிமேல் நின்று டியூப்லைட் மாட்டிக்கொண்டிருந்த மைக்கண்ணன் கீழே பார்த்துச் சொன்னார். "ரெண்டு பக்கமும் இல்ல. பாய்லர் இருக்குதே, அங்கதான். பிளக் அங்கதானே இருக்கு."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் பெண்டாட்டியையும் சேர்த்துக் கெடுத்தது.

செயலாளருக்கு முகம் மலர்ந்தது. "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கக்கூஸ் பக்கத்துக் கொட்டகைய உங்களுக்கு ஒழிச்சுத் தர்றோம்."

"அங்க எவன் தம்பி டீ குடிப்பான்? மூக்கப் பிடிச்சா தம்ளரைப் பிடிக்க முடியாது."

"வரலாறுக்கா. நாமதான் கொஞ்சம் விட்டுக்குடுக்கணும்."

அன்றைக்கு வீட்டில் சோற்றுத் தட்டு மேசையில் வந்து விழுந்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"வருஷக்கணக்கா வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? இன்னைக்குத்தான் தொறக்கணுமா?"

"தப்பா சொன்னாங்க. திருத்தினேன்."

"என் பொழப்பைத் திருத்திட்டீங்க. சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டார். குழம்பு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டார்.

மறுவாரம் பலகை வந்தது. மேசையைக் காலிசெய்ய ஆட்களோடு வந்த செயலாளர், முதலில் அதன் உறையைப் பிரித்து உரக்கப் படித்தார். "மேடை வேண்டாமென இறங்கி, மக்களோடு மக்களாக நின்று..."

மைக்கண்ணன் சிரித்துவிட்டார். அவர் சிரித்து ஊர் பார்த்ததில்லை.

"இறங்காம என்ன பண்ணுவாரு? மேடைப் பிளக் முந்தின நாளே கருகிப்போச்சு. இந்தப் பிளக்குல மாட்டினா மேடைவரைக்கும் ஒயர் பத்தலை. 'ஐயா, கொஞ்சம் இப்படி வாங்க'ன்னு நான்தான் கூப்பிட்டேன். நல்ல மனுஷன், வந்தாரு."

செயலாளர் பலகையைப் பார்த்தார். எழுத்துகள் ஆழமாக வெட்டப்பட்டிருந்தன. மேசையைத் தூக்க வந்தவர்கள் மேசையை விட்டுவிட்டுக் கதை கேட்க நெருங்கினார்கள். "மைக்கண்ணே, மெதுவா... திறப்பு விழாவுக்குத் தூதர் வேற வர்றாரு."

பாய்லர் அக்காவுக்கு அப்போதுதான் வழி தெரிந்தது. தலைவர் வந்துபோன அந்த ராத்திரி, அவர் எப்படிப் பேசினார் என்று அவள் ஆசையாகக் கேட்டபோதும் புருஷன் சொன்னது 'ஒயர் பத்தலை' என்பது மட்டும்தான். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது இனித்தது.

"தம்பி, நான் சொல்றேன்னு நெனைக்காதீங்க. இவரு பேசவே மாட்டாரு. ஆரம்பிச்சிட்டா நிறுத்தவும் மாட்டாரு. நான் கொட்டகைக்குப் போயிட்டா இவரு இங்க தனியா நிப்பாரு. வர்றவங்க 'இங்கதானா'ன்னு கேப்பாங்க. இவருக்குப் பொய்யும் வராது, பாவம்."

"நீங்க இங்கயே இருந்தா?"

"எதிர்ல நான் நின்னா இவரு வாயே தொறக்க மாட்டாரு. இத்தனை வருஷ அனுபவம்."

செயலாளர் மைக்கண்ணனைப் பார்த்தார். மைக்கண்ணன் பெண்டாட்டியைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

"பலகை சுவத்துலதானே இருக்கப்போவுது" என்றார் செயலாளர் கடைசியில். "மேசை அதுபாட்டுக்கு இருக்கட்டும்."

இப்போது பலகை பாய்லருக்கு மேலே தொங்குகிறது. ஆவி பட்டுப் பட்டுக் காலையில் மங்கிவிடும். அதைத் துடைக்கும் வேலை யாருக்கு என்று அக்கா ஒரே பேச்சில் தீர்த்துவிட்டாள். "வாயைத் தொறந்தது யாரு? அவரே துடைக்கட்டும்."

அன்றொரு நாள் அவர் ஏணியில் நின்று துடைத்துக்கொண்டிருந்தபோது வெளியூர்க்காரர் ஒருவர் பலகையைப் படித்துவிட்டு, "ஐயா, நீங்க அன்னைக்கு நேர்ல பாத்தீங்களா? நெஜமாவே இறங்கி வந்தாரா?" என்று நெகிழ்ந்து கேட்டார்.

மைக்கண்ணன் துடைப்பதை நிறுத்தினார். தொண்டையைக் கனைத்தார்.

"என்னங்க, டீ ஆறுது" என்றாள் பாய்லர் அக்கா.

"வந்தாருங்க" என்றார் அவர். டீயை வாங்கிக் குடித்தார்.