துப்பல் மாஸ்டர்

ஓடாத சைக்கிளை மிதித்தே பிழைத்தவன் என் அண்ணன். ஜிம்மில் கண்ணாடிச் சுவர் போட்ட அறையில் வரிசையாக சைக்கிள்கள் நிற்கும். பாட்டு அலறும். எதிரே இவன் மிதிப்பான், இவனைப் பார்த்து மற்றவர்கள் மிதிப்பார்கள். "எங்கேயும் போகாம இவ்வளவு வேர்க்கிற ஆளு நீதான்" என்று தங்கச்சி என்ற உரிமையில் கிண்டலடிப்பேன்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு கிண்டலை நிறுத்திவிட்டேன். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நாள் முழுக்க ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான், மாத்திரை விழுங்குவதும் அதற்குள் அடக்கம். லேசாக மிதிக்கலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். இவன் வகுப்பே எடுத்தான். ஜிம்மில் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் எல்லாருக்கும் எதிரே நிற்கும் அந்த சைக்கிள் போய்விடும். அதில் ஏறி உட்காரும்போது மட்டும்தான் அவன் நோயாளி இல்லை.

தண்ணீர் குடிக்காமல் வகுப்பைத் தாங்க ஒரு வழியும் வைத்திருந்தான். ஸ்போர்ட்ஸ் டிரிங்கை ஒரு மடக்கு வாயில் விட்டு, நன்றாகக் கொப்பளித்து, டம்ளரில் துப்பிவிடுவான். வாயில் இனிப்புப் பட்டாலே மூளை ஏமாந்துபோய்க் காலுக்குத் தெம்பு கொடுக்குமாம். வகுப்பே அவனைப் பார்த்துத் துப்ப ஆரம்பித்தது. 'துப்பல் மாஸ்டர்' என்று பெயரும் விழுந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

அப்புறம் அந்த டிரிங்க் கம்பெனிக்காரன் வந்து சேர்ந்தான். வகுப்புக்கு இலவசமாகத் தருவானாம். பதிலுக்கு மாஸ்டர் ஒவ்வொரு வகுப்பிலும் எல்லார் முன்னாலும் ஒரு முழு பாட்டிலைக் குடித்துக் காட்ட வேண்டுமாம்.

"நீங்களே துப்பினா அதை யார் மாஸ்டர் வாங்குவாங்க?" என்றாராம் ஜிம் முதலாளி. "சும்மா குடிங்க, விஷமா குடுக்கறோம்?"

குடித்தான் பாவி. அந்த வாரம் முழுக்கக் குடித்தான். டயாலிசிஸுக்கு முன் எடை பார்த்த நர்ஸ் கத்தியே விட்டாள். "நுரையீரல்ல தண்ணி ஏறினா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு?" படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினான். பார்க்கப் பொறுக்காமல் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"உண்மையைச் சொல்லித் தொலை அண்ணா."

சொன்னான். முதலாளி நல்ல மனிதர், அதுதான் கொடுமை. ஒரு வார்த்தை திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உடம்பைப் பாத்துக்கங்க மாஸ்டர்" என்றார். மறுநாளே வேறொருவரை அந்த சைக்கிளில் ஏற்றிவிட்டார்.

வகுப்புக்காரர்கள் மாஸ்டருக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பெரிய பெட்டி அனுப்பினார்கள். 'சீக்கிரம் தேறி வாங்க' என்று மேலே எழுதியிருந்தது. உள்ளே முழுக்க அதே டிரிங்க். எனக்கு அதைத் தெருவில் வீச வேண்டும் போல இருந்தது.

அண்ணன் சமையலறையில் நின்று ஒரு பாட்டிலைத் திறந்தான். ஒரு மடக்கு வாயில் விட்டுக் கொப்பளித்தான். தொட்டியில் துப்பக் குனிந்தவன் குனிந்தபடியே நின்றான். பிறகு நிமிர்ந்து விழுங்கினான். அடுத்த மடக்கையும் விழுங்கினான். ஓடிப்போய் பாட்டிலைப் பிடுங்கினேன்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?"

"மிதிக்கணும்னுதான் துப்பிக்கிட்டு இருந்தேன்" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. "இனிமே எதுக்குத் துப்பணும்? நீயே சொல்லு."

மிச்ச பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து தொட்டியில் கவிழ்த்தேன். அவன் பக்கத்திலேயே நின்று, அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.