சொன்ன தப்புக்கு அடி இல்லை

மலாயாவில் காஹாங் பக்கம் நான் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த தோட்டத்தில், காலையில் கொட்டகையில் பால் நிறுத்துக் கணக்கெழுதும் கிராணியார்தான் பிற்பகலில் பிள்ளைகளுக்கு வாத்தியார். நாங்கள் குடியிருந்த லயத்தின் கடைசி அறைதான் பள்ளிக்கூடம்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். நான் படித்த இடத்தில் 'பொய் சொல்லாதே' என்று பலகை நிறைய எழுத வைப்பார்கள். எழுதிவிட்டுப் பொய் சொல்வோம். இவர் அப்படி எழுத வைப்பதில்லை. மணியடிக்கும் முன் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து, அன்று தான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். அடுத்தவர் தப்பைச் சொல்லக்கூடாது. சொன்ன தப்புக்குப் பிரம்பு கிடையாது.

ரப்பர் விலை விழுந்திருந்த காலம் அது. பால் குறைந்தவர்களின் பெயரை வெட்டி, ஊருக்குக் கப்பலேற்றினார்கள். எனக்கு விட்ட மர நிரையில் எல்லாம் கிழட்டு மரங்கள். ஒரு நாள் வாளியில் பாதிகூட நிறையவில்லை. மரத்தில் பால் வடியும் கோப்பைகளைத் துடைக்க என்னோடு வந்திருந்த ஏழு வயது மகளிடம், ஓடையில் ஒரு தகரம் தண்ணீர் மொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்தாள். நான் பாலில் ஊற்றினேன். கொட்டகையில், தண்ணீர்ப் பாலைக் காட்டிக்கொடுக்கும் கண்ணாடி மிதவையைக் கிராணியார் அன்று போடவில்லை. வானம் கருத்திருந்ததால் எடை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் சோறு தின்னும்போது மகள் சொன்னாள்: “அப்பா, தண்ணி விஷயத்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிட்டேன்.”

“அடிப்பாவி, குடியக் கெடுத்தியே,” என்றாள் என் மனைவி.

“அப்பா ஊத்துனாருன்னு சொன்னியா?” என்று கேட்டேன்.

“அடுத்தவங்க தப்பச் சொல்லக்கூடாதுல்ல. பால்ல கலக்க நான் தண்ணி மொண்டு குடுத்தேன்னு சொன்னேன்.”

“வாத்தியார் என்ன சொன்னாரு?”

“உக்காருன்னாரு.”

சொல்லிவிட்டுக் கருவாட்டு முள்ளை எடுத்துப் போட்டு, மறுபடி தின்னத் தொடங்கினாள். நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

மறுநாள் கொட்டகையில் கிராணியார் என் வாளியில் மிதவையைப் போட்டார். நல்ல பால். “சரி,” என்றார். முகம் என்றைக்கும் போலவே இருந்தது. ஒரு கேள்வி இல்லை. நான் வாளியை எடுக்காமல் நின்றேன்.

“என்னப்பா, பொண்ணு பாக்க வந்தவனாட்டம் நிக்கிற? வாளிய எடுத்துட்டு நவுரு,” என்றான் பின்னால் நின்றவன். வரிசையே சிரித்தது.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன் நான். அன்று திறந்தேன். “ஐயா, நேத்து என் பால்ல தண்ணி ஊத்துனது நான்தான். புள்ள மேல தப்பில்ல.”

கிராணியார் பென்சிலைக் கீழே வைத்தார்.

“பள்ளிக்கூடத்துல கேட்டத நான் இங்க கொண்டாரதில்ல. ஆனா, இங்க கேட்டத மறைக்கவும் முடியாது. தொரைகிட்ட சொல்லித்தான் ஆகணும்.”

“சொல்லுங்கய்யா.”

அவரே என்னைத் துரையிடம் அழைத்துப் போனார். இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார். என்ன பேசினாரோ, என் நிரையைப் பிடுங்கிக்கொண்டு என்னைக் கூலி குறைந்த புல்வெட்டுக்கு அனுப்பினார்கள். பெயரை வெட்டவில்லை. ஒரே ஆள், இரண்டு நாற்காலி. ஒன்றில் உட்கார்ந்து கேட்டதை மற்றொன்றுக்குக் கொண்டுபோகாமல் ஒரு மனிதர் எப்படி இருந்தாரோ. இன்றைக்கும் எனக்கு அது மலைப்பாகவே இருக்கிறது.

நான் ஒப்புக்கொண்டதைக் கேள்விப்பட்டு, அன்று சாயங்காலம் மகள் கேட்டாள்: “அடிச்சாங்களாப்பா?”

“இல்ல.”

“சொன்ன தப்புக்கு அடி கிடையாதுப்பா,” என்றாள், மழையில் நின்றால் நனைவோம் என்பதைப் போல.

மரம் வெட்டும் வேலை போனதை அவளிடம் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் சொன்னேன்.